மாஸ்டடானில் முதல் நாட்கள்



சென்ற இதழில் நம் தொடர்பு முகவரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அதில் இரண்டு இடங்களில் ‘@’ குறி இருந்ததைப் பார்த்துவிட்டு, அச்சுப்பிழை என்று நினைத்துப் பல பேர் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஓர் எழுத்து பிசகினாலும் உரிமையோடு சுட்டிக்காட்டும் வாசகர்கள் வாய்ப்பது எந்தப் பத்திரிகைக்கும் பெரிய பாக்கியம். ஆனால் அது பிழை இல்லை, முகவரியே அப்படித்தான். மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்தில் நம் பத்திரிகை கணக்குத் தொடங்கியிருக்கிறது. முதல் குறிக்குப் பின்னால் வருவது நம் பெயர். இரண்டாவதற்குப் பின்னால் வருவது நாம் குடியிருக்கும் சர்வரின் பெயர். அந்த இரண்டாவது பெயரைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

நமக்குத்தான் புதிது. மாஸ்டடான் பிறந்து வருடங்கள் ஆகிவிட்டன. ரஷ்யாவில் பிறந்து, சிறுவனாக ஜெர்மனிக்கு வந்து, யேனா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்த யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் 2016-இல் இதை வெளியிட்டார். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கித் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதை வெளியிடவும் வேண்டும். அப்படி நிறுவப்பட்ட ஆயிரக்கணக்கான சர்வர்கள் இன்று ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. சில சர்வர்களில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள், சிலவற்றில் ஒரே ஒருவர்.

எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். உங்கள் கைப்பேசி பிஎஸ்என்எல், என்னுடையது ஏர்டெல் என்று வைத்துக்கொள்வோம். நாம் இருவரும் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை, ஏனென்றால் இரண்டு நிறுவனங்களும் ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன. சமூக வலைதளங்களில் மட்டும் அப்படி ஒரு ஒப்பந்தம் நெடுநாள் இல்லாமலே போயிற்று. எக்ஸ் தளத்தில் இருப்பவர் ஃபேஸ்புக்கில் இருக்கும் தங்கையின் பதிவை அங்கிருந்தபடியே பின்தொடர முடியாது. மாஸ்டடான் சர்வர்கள் ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற பொது நெறிமுறையில் இயங்குகின்றன. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. மெட்டா நிறுவனத்தின் ‘த்ரெட்ஸ்’கூட 2024-லிருந்து இந்த நெறிமுறையில் கொஞ்சம் கொஞ்சமாக இணையத் தொடங்கியிருக்கிறது. இதற்கு ஒப்புதல் தந்த த்ரெட்ஸ் பயனர்களின் பதிவை மாஸ்டடானில் இருந்தபடியே படிக்கலாம்.

இந்தியாவில் மாஸ்டடான் என்ற பெயர் பரவலாகக் காதில் விழுந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே தன் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் ஒரு பழைய புகைப்படத்தை வைத்திருந்தார். 1936-இல் ஹாம்பர்க் நகரில் எடுத்த படம் அது. பெருங்கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்திக்கொண்டிருக்க, ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். கொடுமைக்குத் தலைவணங்க மறுத்தவரின் படத்தை, வெறுப்பைப் பரப்பும் படம் என்று கருதி ட்விட்டர் அவருடைய கணக்கை முடக்கியது. அதன் பிறகுதான் பல்லாயிரம் இந்தியர்கள் மாஸ்டடானில் பெயர் பதிந்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பியும் விட்டார்கள். 2022 அக்டோபர் 27 அன்று 4,400 கோடி டாலருக்கு ட்விட்டர் ஈலான் மஸ்க்கின் கைக்குப் போனபோது இதே கதை உலக அளவில் நடந்தது. மாதந்தோறும் சில லட்சம் பேர் புழங்கிய மாஸ்டடான், இரண்டே மாதத்தில் சுமார் 25 லட்சத்தைத் தொட்டு, பிறகு தணிந்தது. கோபத்தில் கிளம்பி வந்தவர்கள் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பது உள்ளே போனதும் எனக்குப் புரிந்தது.

வாசலிலேயே ஒரு கேள்வி நிற்கிறது: எந்த சர்வரில் சேரப் போகிறீர்கள்? நாம் அறிந்த வேறு எந்தத் தளமும் இப்படிக் கேட்டதில்லை. செயலியை நிறுவினோமா, எண்ணைக் கொடுத்தோமா, உள்ளே போனோமா என்று பழகிய நம்மை இந்தக் கேள்வி தயங்க வைக்கிறது. அதனால்தான் 2023-இல் மாஸ்டடானை உருவாக்குபவர்களின் கைப்பேசிச் செயலி, தேர்வு செய்யத் தெரியாதவர்களைத் தாங்கள் நடத்தும் பெரிய சர்வருக்கே கூட்டிப்போகத் தொடங்கியது. நான் பொறுமையாகப் பல சர்வர்களின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். படிக்கும் அளவுக்கு அவை சின்னவை, மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதியவை. இனவெறி, சாதி, மதம், பாலினம் சார்ந்த இழிவு இங்கே கூடாது, இன்ன மாதிரிப் படங்களை மறைத்துப் போடவும், நடத்துபவர் இன்னார், செலவுக்குப் பணம் இப்படி வருகிறது. இவ்வளவுதான்.

உள்ளே போனால் அமைதி. விளம்பரம் கிடையாது. நாம் யாரையும் பின்தொடராதவரை முகப்புப் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். பின்தொடர ஆரம்பித்த பிறகும் அவர்கள் எழுதியது எழுதிய நேர வரிசையில் வரும், அவ்வளவே. ஒரு பதிவுக்கு ஆயிரம் பேர் விருப்பக்குறி போட்டாலும் அது மேலே ஏறி நம் முகப்பில் வந்து உட்காராது. நாம் பின்தொடரும் ஒருவர் அதை மறுபகிர்வு செய்தால்தான் நம்மிடம் வரும். ஒரு மனிதர் படித்து, பிடித்து, இன்னொரு மனிதருக்குக் கொடுக்கிறார். ஒரு கதையைப் படித்துவிட்டு ‘இதை நம் வாசகர்கள் படிக்க வேண்டும்’ என்று தோன்றும் கணத்துக்காகவே இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே படித்து முடிக்க முடிகிறது. முந்தைய முறை விட்ட இடம் வந்ததும் பட்டியல் தீர்ந்துவிடுகிறது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். கோபத்தில் வந்த கூட்டம் திரும்பிப் போனதற்கும் இதே அமைதிதான் காரணம் என்று நினைக்கிறேன். தேடிப் போகாமலேயே ஏதாவது வந்துகொண்டிருக்கும் இடங்களில் பல வருடம் வாழ்ந்துவிட்டோம். இங்கே தேட வேண்டும். ஹேஷ்டேக்கைப் பின்தொடர வேண்டும். பிடித்த எழுத்துக்குக் கீழே இரண்டு வரி நாமாக எழுத வேண்டும். அந்தக் கொஞ்ச உழைப்பைச் செய்தவர்களுக்கு ஊர் மெல்ல மெல்லத் திறக்கிறது. நான் பின்தொடரும் ஆட்களில் பறவை நோக்குபவர்கள், நூலகர்கள், ரயில் பித்தர்கள், வானியல் படிப்பவர்கள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் எழுதுகிறார்கள். 500 எழுத்து வரை எழுதலாம் என்பதால் பதிலுக்கு ஒரு முழுப் பத்தி கிடைக்கிறது.

என்னை அங்கே மிகவும் நெகிழ வைத்தது படங்களைப் பற்றிய பழக்கம். ஒரு புகைப்படத்தைப் பதிவேற்றினால் அதற்கு விளக்கம் எழுத ஒரு கட்டம் வருகிறது. மற்றத் தளங்களிலும் இந்த வசதி உண்டு, எங்கோ ஒளிந்திருக்கும். இங்கே அது வழக்கமாகவே ஊன்றிவிட்டது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகப் பதிவைக் கேட்கும்போது ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், படத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. விளக்கம் இல்லாத படத்தை மறுபகிர்வு செய்யவே மாட்டோம் என்று இருப்பவர்களைப் பார்த்தேன். விளக்கம் எழுத நேரமோ தெம்போ இல்லாதவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதையும் பார்த்தேன். யாரும் நன்றியை எதிர்பார்த்துச் செய்வதாகத் தெரியவில்லை.

நம் பத்திரிகையின் அட்டைப்படத்தை முதலில் பகிர்ந்தபோது அந்தக் கட்டத்தில் தமிழில் எழுத உட்கார்ந்தேன். ‘ஒரு பெண் நிற்கிறார்’ என்று எழுதினால் போதுமா? எங்கே நிற்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கையில் இருப்பது கூடையா முறமா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, முகத்தில் களைப்பா சிரிப்பா? பத்திரிகைக்காரர்கள் நாங்கள் படத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், வெட்டுகிறோம், நிறத்தைச் சரிசெய்கிறோம். படத்தை வார்த்தையால் ஒருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை. 1,500 எழுத்து வரை அந்தக் கட்டம் இடம் தருகிறது. நம் வாசகர்களில் பார்வையற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் தமிழை வாசித்துக் காட்டுகின்றன. ஆனாலும் நம் படங்கள் அவர்களுக்கு இத்தனை காலம் ஊமையாகவே இருந்தன. இனி எங்கே பகிர்ந்தாலும், எந்தத் தளமானாலும், நம் படங்கள் தமிழ் விளக்கத்தோடுதான் போகும். இதை இந்தப் பக்கத்திலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

இதே அக்கறையின் இன்னொரு முகம், பதிவை மடித்துப் போடும் வழக்கம். விபத்து, மரணம், தற்கொலை, உடல்நோய், புதுப் படத்தின் கதை முடிவு என்று எதைப் பற்றியதானாலும் மேலே ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு மீதியை மடித்துவைக்கிறார்கள். விரும்பினால் விரித்துப் படிக்கலாம். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்ததும் ரத்தம் தோய்ந்த விபத்துப் படத்தைப் பார்க்க நேர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்த வழக்கத்துக்கு ஒரு கூர்மையான மறுபக்கமும் இருக்கிறது. 2022-இல் அங்கே வந்த கறுப்பினத்தவர் பலர், தாங்கள் அன்றாடம் படும் இனவெறியைப் பற்றி எழுதினால்கூட ‘மடித்துப் போடுங்கள்’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னதாக வருத்தத்தோடு எழுதினார்கள். தன் வாழ்க்கையைப் பேசுபவரிடம் அதை மறைத்துப் பேசச் சொல்வது அக்கறை ஆகாது. நாளை சாதியைப் பற்றித் தமிழில் எழுதுபவருக்கும் இதே பேச்சு வரக்கூடும். அப்போது நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

சாதி என்று வந்ததால் என் பெரிய கவலையையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டடானில் ஒழுங்கைக் காப்பது அந்தந்த சர்வரின் நிர்வாகி. 2019-இல் ‘காப்’ என்ற தளம் மாஸ்டடானின் மென்பொருளை எடுத்துக்கொண்டு வெறுப்புப் பேச்சுக்காரர்களோடு வந்து சேர்ந்தபோது, மற்ற சர்வர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கதவைச் சாத்தின. மென்பொருள் எல்லோருக்கும் பொது, அதைப் பறிக்க முடியாது. ஆனால் உறவு வேண்டுமா என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாம் இருக்கும் சர்வரின் நிர்வாகிகள் வேறு நாட்டில் இருக்கும் தன்னார்வலர்கள். நல்ல மனிதர்கள், தமிழ் தெரியாதவர்கள். ஒருவரை ஊர்ப்பேச்சில், சாதியை வெளிப்படையாகச் சொல்லாமல் தொழிலையோ தெருவையோ சொல்லி இழிவுபடுத்தினால், அது இழிவு என்றே அவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்தால் குற்றமற்ற வாக்கியமாகத் தெரியும். பெரிய நிறுவனங்கள் இதில் இன்னும் மோசமாகத் தவறியிருக்கின்றன. மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு தன் தளத்தில் பெருகியபோது அதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று ஃபேஸ்புக்கே 2018-இல் ஒப்புக்கொண்டது. அந்த மொழியை அறிந்த ஆட்கள் போதாததும் அதற்கு ஒரு காரணம். ஆக, தமிழர்கள் பெருமளவில் இங்கே வர வேண்டுமென்றால் தமிழ் அறிந்த, தமிழ்ச் சமூகத்தை அறிந்த நிர்வாகிகள் நடத்தும் சர்வர்கள் வேண்டும். அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

குறைகள் வேறும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருக்கு மட்டும் என்று அனுப்பும் செய்திகள் மறைகுறியாக்கம் செய்யப்படுவதில்லை. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். ஆகவே ரகசியங்களை அங்கே எழுதாதீர்கள். தேடல் இன்னமும் பலவீனம்தான். 2023 செப்டம்பருக்குப் பிறகே, ஒப்புதல் தந்தவர்களின் பதிவுகளை முழுமையாகத் தேடும் வசதி வந்தது. தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் முன்பே போய் விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டினால் கதை, கவிதை, சமையல், சினிமா என்று நம் ஆட்களின் சலசலப்பு இன்னும் கேட்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அங்கே கணக்குத் தொடங்கினோம்?

இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நாம் அடுத்தவர் வீட்டிலேயே எழுதிவந்திருக்கிறோம். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்ற பெயர்கள் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று பெயர் பெற்ற எழுத்தாளர்கள் சிலர் எழுதிப் பழகிய, வெண்பாவுக்கு வெண்பா பதில் சொன்ன, விடிய விடிய வாதாடிய யாஹூ குழுமங்கள். யாஹூ தன் குழுமங்களின் பழைய சேமிப்பை அழிக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் மொத்தமாக மூடியது. ஆர்வமுள்ளவர்கள் தனியாக எடுத்து வைத்தவை மட்டுமே மிஞ்சின. 2004-இல் வந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2011-இல் வந்த கூகுள் பிளஸில் நம்மவர்கள் நீள நீளமான உரையாடல்களை நடத்தினார்கள். 2019 ஏப்ரல் 2 அன்று அதுவும் போயிற்று. தமிழிலும் எழுதலாம் என்று நம்மை அழைத்த ‘கூ’ செயலி 2024 ஜூலையில் நின்றது. ஒவ்வொரு முறையும் எழுத்து போனது பாதி இழப்புதான். மீதிப் பாதி, அந்த மனிதர்கள். தினமும் பேசிக்கொண்டிருந்தவர்கள் புனைபெயர்களோடு எங்கெங்கோ சிதறிப் போனார்கள். உண்மைப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இன்றைக்கும் ‘அவர் இப்போது எங்கே எழுதுகிறார் தெரியுமா’ என்று கேட்டு நமக்குக் கடிதங்கள் வருகின்றன. பதில் சொல்ல முடியாதபோது மனம் கனத்துப் போகிறது.

மாஸ்டடானில் ஒரு சர்வர் பிடிக்கவில்லை என்றால், அல்லது அதை மூடப் போகிறார்கள் என்றால், இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். நம்மைப் பின்தொடர்ந்தவர்கள் தாமாகவே புது முகவரிக்கு வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் கூட வருவதில்லை, அது பெரிய குறைதான். ஆனால் அவற்றை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். சர்வர்கள் மூடப்படத்தான் செய்கின்றன. நடத்துபவருக்கு உடம்பு முடியாமல் போகும், பணம் தீரும். 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானுக்குரிய இணையப் பெயரில் இயங்கிவந்த ஒரு சர்வர், தாலிபான் அரசு அந்தப் பெயரை முடக்கியதால் இல்லாமல் போனது. இதையெல்லாம் எண்ணித்தான் மாஸ்டடான் தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்களிடம் சில உறுதிமொழிகளைக் கேட்கிறது. தினமும் காப்புப்பிரதி எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்க வேண்டும், மூடுவதென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆர்குட்டிலும் கூகுள் பிளஸிலும் சிதறிப்போன எத்தனையோ நட்புகள், இப்படி ஒரு வழி இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

ரோச்கோவும் இந்த வழியிலேயே நடந்திருக்கிறார். மாஸ்டடானின் பெயரும் உரிமைகளும் தன் ஒருவர் கையில் இருக்கக் கூடாது, லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் போக வேண்டும் என்ற திட்டம் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே தலைமைப் பொறுப்பிலிருந்தும் அவர் விலகினார். தான் வளர்த்ததைத் தன்னிடமிருந்தே காப்பாற்ற ஏற்பாடு செய்த ஒரு மனிதரை இந்தத் துறையில் பார்ப்பது அரிது. நான் அவரை மதிக்கிறேன்.

ஐரோப்பிய ஆணையம் தனக்கென்று ஒரு மாஸ்டடான் சர்வரை நடத்துகிறது. ஜெர்மனியின் அரசுத் துறைகள் தங்களுக்கென்று ஒன்றை வைத்திருக்கின்றன. 2023-இல் பிபிசியும் சோதனையாக ஒன்றைத் தொடங்கியது. ஒரு சர்வருக்கு அடையாளம் அதன் முகவரியில் இருக்கும் அந்த இரண்டாவது பெயர்தான். அதைப் பார்த்தாலே இது உண்மையான அரசுக் கணக்கா, போலியா என்று தெரிந்துவிடுகிறது. நம் கல்லூரித் தமிழ்த் துறைகள், நூலகங்கள், இலக்கிய அமைப்புகள், சிறுபத்திரிகைகள், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் இயங்கும் தமிழ்க் குழுக்கள் ஏன் இப்படி ஒன்றைச் சேர்ந்து நடத்தக் கூடாது? சிறிய சர்வருக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். படங்கள் சேரச் சேரச் செலவு கூடும். பணத்தைக்கூடத் திரட்டிவிடலாம். கடினமானது, நள்ளிரவில் புகார் வந்தாலும் எழுந்து படித்து நியாயமாக முடிவெடுக்கும் ஆட்களைத் திரட்டுவதுதான். அதற்குத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மட்டும் போதாது. வழக்கறிஞர்கள் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும், பல சமூகங்களையும் சேர்ந்த பெண்களும் ஆண்களும் வேண்டும்.

எனவே, வாசகர்களே, இரண்டு உதவிகள் கேட்கிறேன். ஏற்கெனவே மாஸ்டடானில் இருப்பவர்கள் உங்கள் முகவரியை நமக்கு எழுதுங்கள். இரண்டு ‘@’ குறியும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்மதத்தோடு அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே பின்தொடரப் பத்து நல்ல தமிழ்க் கணக்குகள் கிடைக்கும். சர்வர் நடத்திய அனுபவம் உள்ளவர்கள், நடத்த விருப்பம் உள்ளவர்கள், நடத்தி மூடியவர்களும்கூட, விரிவாக எழுதுங்கள். என்ன செலவானது, எந்தப் புகார் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, யாருடைய உதவி இருந்திருந்தால் தொடர்ந்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். பக்க வரம்பு வைக்கவில்லை. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்து சேரும் கடிதங்களை அடுத்த இதழிலும், பிந்தி வருபவற்றை அதற்கடுத்த இதழிலும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்